நிழல் விழுது, கொஞ்சம் நகருங்க

கல்யாண வீட்டில் நான் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. பதினெட்டு வருஷமாகப் போடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எத்தனை தாலி கட்டு எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அத்தனையும் நின்றபடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவைதான். சாப்பாடு எப்போதும் கடைசிப் பந்தியில், அப்பளம் தீர்ந்த பிறகு. அப்படிப்பட்டவனிடம் வந்து, "மாப்ளே, என் கல்யாணத்துக்கு நீ கேமரா இல்லாம வா" என்று ஒருவன் சொன்னால் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சுருக்கென்று குத்தியது.

சொன்னவன் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஏலக்காய்க் கடையில் எடை போடுகிற வேலை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே நாற்பதைத் தாண்டிவிட்டான். அம்மா போன பிறகு, இனிமேல் இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நாங்கள் எல்லோரும் கைவிட்டிருந்த நேரத்தில் பத்திரிகையை நீட்டினான். போட்டோவுக்கு யார் என்று கேட்டேன். தேனியிலிருந்து ஒரு ஆளைச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். என் ஸ்டுடியோவில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"ஏன், நான் எடுத்தா வெளங்காதா?" என்று கேட்டேன்.

"அது இல்ல. நீ சாப்பிட வா. சோலி பாக்க வராத." அதோடு போட்டோப் பேச்சை விட்டுவிட்டுப் பெண் வீட்டுக் கதைக்குப் போய்விட்டான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் இரண்டு நாள் தங்கும். அன்றைக்கு அவன் சொன்ன மற்ற விஷயங்களை அரைக்காதில்தான் கேட்டேன். அதுவே பிறகு எனக்கு வினையாகிவிட்டது.

பெண் குரங்கணிப் பக்கம். ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள். முதல் புருஷன், போடிமெட்டு மலை ரோட்டில் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போன ஜீப்பு கவிழ்ந்ததில் போய்விட்டான். அதன் பிறகு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாமல் தன்னோடு வைத்துக்கொண்டவர் அவளுடைய மாமியார், அவரும் புருஷனை இழந்தவர். அந்த அம்மா ஏலக்காய் பொறுக்குகிற வேலைக்கு நண்பனின் கடைக்கு வருகிறவர். காய்களைத் தரம் பிரித்துக்கொண்டே, எடை போடுகிற இவனையும் இரண்டு வருஷம் பார்த்திருக்கிறார். ஒருநாள் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, என் மருமகளைக் கட்டிக்கிறியா என்று நேராகக் கேட்டுவிட்டாராம். பெற்ற மகனைப் பறிகொடுத்த தாய், அவன் பெண்டாட்டிக்கு மாப்பிள்ளை தேடியிருக்கிறார். நான் கேள்விப்பட்டதில்லை அப்படி ஒன்றை.

பெண் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். தாலி கட்டும்போது மாமியார் தன் பக்கத்தில், தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. இல்லாவிட்டால் இந்தக் கல்யாணம் வேண்டாம்.

சொல்லுவதற்கு எளிது. எங்கள் பக்கத்தில் தாலி இழந்தவர்கள் முகூர்த்த நேரத்தில் தாமாகவே தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள். யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை. நண்பனின் அக்காதான் நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவர். கட்டிக்கப் போறவளும் அப்படி, பக்கத்துல நிக்கிறவளும் அப்படியா என்று அவர் நாலு மாசம் முரண்டு பிடித்திருக்கிறார். இவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கடைசியில், நான் வாயைத் திறக்க மாட்டேன், யாரும் திறக்காமலும் பார்த்துக்கிறேன் என்று அவரிடம் வாக்கு வாங்கியிருந்தான். இதையெல்லாம் என்னிடம் சொன்னான். நான் தேனிக்காரனை நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணம் காதுகுத்து மட்டும் எடுப்பவன் இல்லை. எங்காவது ஒருவர் அகாலமாக இறந்துகிடந்தால் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். போய் எடுத்துக் கொடுக்க வேண்டும். சின்ன ஊர்களில் ஸ்டுடியோ வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த வேலை உண்டு, வெளியே சொல்லிக்கொள்வதில்லை. தூக்கு, மருந்து, கிணறு, மழைக்காலத்தில் ஜீப்பு. ஆரம்பத்தில் இரண்டு நாள் சோறு இறங்காது. பிறகு பழகிவிட்டது. முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். காயம் தெளிவாகத் தெரிய வேண்டும், நிழல் விழக் கூடாது, அவ்வளவுதான். சரியாக வராததை அங்கேயே அழித்துவிடுவேன். அழுகிறவர்கள் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டேன். அந்தப் பெண்ணின் புருஷன் போன ஜீப்பு, நான் எடுத்த ஜீப்புதானா என்று எனக்கு ஒரு நொடி தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

தை மாசம். குரங்கணி போகிற வழியில் ஆற்றை ஒட்டி ஒரு சின்ன முருகன் கோயில். அங்கேதான் கல்யாணம். காலையில் பஸ்சைப் பிடித்து, வெறுங்கையோடு போய் இறங்கினேன். தோளில் பை இல்லாமல் நடப்பது ஒரு மாதிரியாக இருந்தது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், கற்கண்டு கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் எனக்குக் கற்கண்டுத் தட்டை நீட்டியதில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும், "என்னண்ணே, கேமரா எங்க?" என்று கேட்டார்கள். நான் விருந்தாளி என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், கட்டிக்கொண்டேன், மறுபடி மடியில் வைத்தேன்.

தேனிக்காரன் நல்ல பையன்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. வந்ததும் ட்ரோனைப் பறக்கவிட்டு மலையை எடுத்துக்கொண்டிருந்தான். மலை எங்கே ஓடிப்போகிறது? அது நாளைக்கும் அங்கேதான் நிற்கும். மாலை மாற்றும்போது பெண் முதல்முறையாகச் சிரித்தாள். அந்த நேரம் அவன் லென்சு மாற்றிக்கொண்டிருந்தான். எனக்குக் கை அரித்தது. ஒருமுறை எழுந்துகூட விட்டேன். நண்பன் மணவறையிலிருந்து என்னைப் பார்த்து, உட்கார் என்று கண்ணைக் காட்டினான். உட்கார்ந்தேன், கொதித்துக்கொண்டு.

முகூர்த்தம் நெருங்கியதும் மாமியாரைக் கூப்பிட்டார்கள். ஒல்லியான உடம்பு, துவைத்து மடித்த பழுப்புநிறச் சேலை. படியேறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, யாராவது தடுப்பார்களோ என்று பார்த்துக்கொண்டே ஏறினார். கூட்டத்தில் பேச்சு அடங்கிப்போனது. நண்பனின் அக்கா உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, விளக்கைப் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வாக்குத் தவறவில்லை அவர். மாமியார் போய்ப் பெண்ணுக்கு வலப்பக்கம் நின்றார். பெண் நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டி அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய இன்னொரு கையில் அட்சதை இருந்தது. மருமகள் மேல் தூவ வைத்திருந்தார்.

நண்பன் தாலியைக் கையில் எடுத்தான். மாமியார் ஆசையோடு கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

அந்தப் பக்கத்திலிருந்துதான் வெயில் வந்துகொண்டிருந்தது. அவர் குனிந்ததும் அவருடைய தலையின் நிழல் பெண்ணின் முகத்தில் முழுசாக விழுந்தது. மூக்கு, கண், நெற்றிச்சுட்டி எல்லாம் இருட்டு. தேனிக்காரன் அது தெரியாமல் படபடவென்று அமுக்கிக்கொண்டிருந்தான். ஆயுசுக்கும் இருக்கப்போகிற படம், பாழாகப் போகிறதே என்று எனக்குள் ஏதோ அறுந்தது. நான் விருந்தாளி என்பது மறந்தது. நண்பன் சொன்ன நிபந்தனை மறந்தது. எழுந்து நின்று, மேளத்தையும் தாண்டிக் கேட்கிற என் வேலைக் குரலில் சொன்னேன்.

"அம்மா, நிழல் விழுது. கொஞ்சம் நகருங்க."

நான் இதைச் சொல்லாத கல்யாணம் கிடையாது. யாருக்கும் அது உறைத்ததும் கிடையாது. அன்றைக்கு மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. சொன்ன சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள் நகர்வதைப்போல, பெண்ணின் பிடியிலிருந்து விரலை உருவிக்கொண்டு ஒரு எட்டு நகர்ந்தார். பிறகு இன்னொரு எட்டு. அப்படியே பின்பக்கமாகப் படியில் இறங்கிப் போய்விட்டார். அக்கா மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்தியா, அசலாள் வாயிலயே வந்துருச்சு" என்றார்.

பெண்ணும் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இப்போது நல்ல வெளிச்சம் இருந்தது. அதனால் அந்தப் பார்வையை நான் முழுசாகப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. என்னை அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. நண்பன் தாலியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றான்.

நான் அந்த அம்மாவின் பின்னால் ஓடினேன். கோயிலுக்குப் பின்னால், காப்பிக்கொட்டை காயப்போடுகிற களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆத்தா, தெரியாமச் சொல்லிட்டேன், நான் போட்டோக்காரன், வெளிச்சத்தைப் பார்த்துச் சொன்னேன், வேற ஒண்ணும் மனசில் வச்சுச் சொல்லலை, வாங்க என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவர் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"தெரியும்ப்பு. அன்னைக்கும் நீதான வந்த" என்றார்.

என்றைக்கு என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"பெரியாஸ்பத்திரி வாசல்ல, எம்மகனப் போட்டுருந்தாகள்ல. நான் அவன் மொகத்துமேல குனிஞ்சிருந்தேன். நீ இதேதான் சொன்ன. நிழல் விழுது, நகருங்கன்னு. நகந்தேன். நீ எடுத்து முடிச்சதும் உள்ள தூக்கிட்டுப் போயிட்டாக. திரும்பி வரையில தலையோட சேத்துக் கட்டிக் குடுத்தாக. பெறகு நான் அவன் மொகத்தப் பாக்கல."

அவர் குரலில் குற்றம்சாட்டுகிற தொனியே இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். வேப்பமரத்தடி, ஸ்டிரெச்சர், காலைச் சூரியன் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. இறந்தவனின் நெற்றிக் காயம் எந்தப் பக்கம் என்பதுகூட ஞாபகம் வந்தது. குனிந்திருந்த அந்தத் தாயின் முகம் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் பார்த்திருந்தால்தானே வரும்.

அதற்குள் கோயிலில் கெட்டிமேளம் கேட்டது. நேரம் தப்பிவிடும் என்று யாரோ அவசரப்படுத்தியிருக்க வேண்டும். அந்த அம்மா சத்தம் வந்த திசையில் திரும்பி, இரண்டு கையையும் கும்பிடத் தூக்கினார். ஒரு கையில் இன்னும் அட்சதை இருந்தது. வியர்வையில் மஞ்சள் உள்ளங்கை முழுக்க ஒட்டியிருந்தது. அதை என் கையில் கொட்டினார்.

"நான் வரல. நீ வெரசாப் போயிப் போட்டுரு."

போனேன். தாலி கட்டி முடிந்திருந்தது. பெண்ணின் தலையில் அந்த அரிசியைப் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஆசீர்வாதத்துக்கா, என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கா என்று தெரியாது. திரும்பிக் களத்துக்குப் போனபோது அந்த அம்மா இல்லை. மேலே போகிற ஜீப்பில் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். நண்பன் விடவில்லை. மாலையும் கழுத்துமாக வந்து என்னை முதல் பந்தியில் உட்கார வைத்து, எதிரே நின்றான். இலையில் அப்பளம், வடை, பாயசம் என்று எல்லாம் இருந்தது. சூடாகவும் இருந்தது. அப்போதுதான் காரணத்தைச் சொன்னான். பத்திரிகை எழுதும்போதே பெண் கேட்டுக்கொண்டாளாம், அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த போட்டோக்காரர் மட்டும் வேண்டாம், அத்தை தாங்க மாட்டாங்க என்று. வந்தது நான்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல மாப்ளே."

"சொன்னா நீ வந்துருக்க மாட்ட. நீ இல்லாம நான் எப்படிக் கட்டுறது? கேமராவுக்குப் பின்னாடி இருக்கிறவன் மொகம் யாருக்குத் தெரியும், கேமரா இல்லாம வந்தா உன்னைய அடையாளம் தெரியாதுன்னு நெனச்சுட்டேன்."

அவன் நினைத்தது சரிதான். என் முகத்தை அவர்கள் இருவரும் பார்த்ததே இல்லை. குரலைத்தான் அவன் மறந்துவிட்டான். நானும்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை. அவன் திட்டியிருந்தால் தேவலை. மோர் ஊத்தட்டுமா என்று கேட்டான்.

ஒரு மாசம் கழித்து ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினான். அவனாகக் காட்டவில்லை, நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தாலி கட்டுகிற படத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பெண்ணின் முகத்தில் துளி நிழல் கிடையாது. வலப்பக்கம் காலியாக இருக்கிறது. அந்தப் பக்கம் அவளுடைய கை, எதையோ பிடித்திருந்த மாதிரியே பாதி மூடி இருக்கிறது. அவள் அத்தையைத் தங்களோடு வந்து இருக்கச் சொல்லி வாரம் தவறாமல் போய்க் கூப்பிடுகிறாளாம். வர்றேன், வர்றேன் என்று சொல்லிக்கொண்டே அவர் அங்கேயே இருக்கிறாராம்.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் அந்த அம்மா என் ஸ்டுடியோவுக்கு வந்தார். கடையில் காய் பொறுக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார், சேலையெல்லாம் ஏலக்காய் வாசனை. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். திட்டத்தான் வந்திருக்கிறார், வாங்கிக்கொள்வோம் என்று தயாராக நின்றேன்.

"அப்பு, அன்னைக்கு என்னைய நகரச் சொல்றதுக்கு முந்தி ஒண்ணு எடுத்தியே. கிளிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அதுல நானும் இருப்பேன்ல?"

இருப்பீங்க என்றேன்.

"அது வேணும். நானும் அவனும் சேந்து எடுத்தது ஒண்ணுகூட இல்ல. அவன் கல்யாணத்துலயும் நான் ஓரமாத்தான் நின்னேன், தாலி இல்லாதவள்ல. அந்த ஒண்ணுலதான் பக்கத்துல இருக்கேன். நகந்ததுக்குப் பெறகு எடுத்தது வேணாம்ப்பு. அதுல அவன் தனியாக் கெடப்பான்."

நகர்ந்த பிறகு எடுத்தவை அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. காயம் தெளிவாக, வெளிச்சம் சுத்தமாக. அவர் கேட்டது இல்லை. நிழல் விழுந்த படம் வேஸ்ட். அந்த அம்மா இரண்டு எட்டு நகர்வதற்குள் கட்டை விரலால் அழித்துவிட்டேன். அது என் பழக்கம். இதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். கல்யாணத்தில் அத்தனை சத்தமாக வந்த குரல், அன்றைக்கு எழும்பவில்லை. பழைய டிஸ்கில் இருக்கும், தேடித் தர்றேன் ஆத்தா என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது தப்பு. இன்றைக்கு வரைக்கும் அந்தத் தப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கடைக்கு வருகிற நாளில் எல்லாம் திரும்பும்போது வாசலில் வந்து நிற்கிறார். கிடைச்சுச்சா என்று வாய்விட்டுக் கேட்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். தேடிக்கிட்டு இருக்கேன் என்கிறேன். சரிப்பு என்று போய்விடுகிறார்.

போன வாரம் வந்தபோது, பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒருவரை உட்கார வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வாசற்படியில் ஏறி நின்றார். வெளியிலிருந்து வந்த வெயிலில் அவருடைய நிழல் நீளமாக உள்ளே வந்து, உட்கார்ந்திருந்தவரின் காலடியில் விழுந்தது. படத்துக்கு அது ஒரு இடைஞ்சலும் இல்லை. முகத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அங்கேயே நில்லுங்க ஆத்தா என்று சொல்ல நினைத்தேன்.

அதற்குள் அவர் தன் நிழலைக் குனிந்து பார்த்துவிட்டார். என்னையும் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமலே ஒரு எட்டு நகர்ந்து, பிறகு இன்னொரு எட்டு நகர்ந்து, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.